ஒரு கையால் ஆடுகிறவர்களுக்கு

ஜூன் 3

தவளைக்கு,

நீ அனுப்பின ஆட்டம் வந்து சேர்ந்தது. ‘மூணாம் பாகம், கம்ப்யூட்டருக்கு மாத்தினது எங்க டீம், முதல்ல நீதான் ஆடணும்’ என்று நீ எழுதியிருந்ததை உன் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். “பரவாயில்லையே, வாண்டு பிறந்ததுக்கே அவன் இத்தனை வார்த்தை எழுதலையே” என்றார். நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

போனில் பேசினால் வாண்டு விழித்துக்கொள்வாள். மெசேஜ் போட்டால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுக் கதையை முடித்துவிடுவாய். அதனால் மெயில். வலது கையால் மட்டும் தட்டுகிறேன். இடது கையில் அவள் தூங்குகிறாள். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

இந்த மூன்றாம் பாகத்துக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, “தினமும் உங்களுக்குன்னு ஏதாவது ஒண்ணு வச்சுக்குங்க, இல்லன்னா தலை கழண்டு போயிடும்” என்று சொன்னபோது, மனதில் வந்தது இதுதான். மற்றவர்கள் பூந்தொட்டி வைப்பார்கள், பாட்டு கேட்பார்கள். எனக்கு நான் வேறு ஆளாகி, இடுப்பில் வாளைச் செருகிக்கொண்டு, யாருடைய ராஜ்யத்திலோ ஊர் ஊராக நடக்கணும். அங்கே யாருக்கும் பசிக்காது.

ஆடிப் பார்த்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொல்கிறேன்.

எழுத்தைப் பார்த்தாயா? ஹாலின் அந்தக் கோடியில் சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கிறவனுக்காகப் போட்ட எழுத்து, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிற என் மூக்கில் வந்து இடிக்கிறது. பையைத் திறந்தால் திரைக்கு நாலே நாலு பொருள்தான் தெரியும். மற்றதைப் பார்க்க ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டே போகணும். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஒன்றும் அசையாது. நான் மருந்துப் புட்டியைத் தேடி எடுப்பதற்குள் எதிரி என்னை அடித்துப் போட்டு, வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிவிடுகிறான். பை திறந்திருக்கும்போது ஆட்டம் நிற்பதும் கிடையாதாம். பிள்ளை வளர்க்கிற ஒருத்தியைக்கூடக் கேட்காமல் செய்த ஆட்டம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

எதை அழுத்த வேண்டும் என்று திரையில் கன்ட்ரோலர் பட்டனின் படம் வருகிறது. என்னிடம் இருப்பது கீபோர்டு. அந்தப் படத்துக்குக் கீபோர்டில் எது ஜோடி என்று கண்டுபிடிப்பதே தனி ஆட்டமாக இருக்கிறது. நூத்துச் சொச்சம் பட்டன் இருக்கிற கீபோர்டை எதிரில் வைத்துவிட்டு, பத்தே பத்து பட்டனில் குடும்பம் நடத்து என்றால் எப்படிடா?

இதெல்லாம்கூடப் போகட்டும். மவுஸால் தரையைக் காட்டினால் அங்கே நடந்து போகிற வசதி முதல் இரண்டு பாகத்திலும் இருந்ததே, அது எங்கே? இப்போது நடக்க இடது கையால் நாலு பட்டனை அழுத்தணும். எனக்கு அது எப்போதும் வராது. சின்ன வயதில் நம் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. பாதியில் நீ, பாதியில் நான். நடக்கிறது நீ, அடிக்கிறது நான். நடக்கிற வேலையை நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

திட்டவில்லை. கேட்கிறேன்.

அக்கா

*

ஜூன் 5

அக்கா,

திட்டலன்னு சொல்லிட்டு ஒரு பக்கத்துக்குத் திட்டியிருக்க. ஃபார்ம் அப்படியே இருக்கு, சந்தோஷம்.

எங்க வேலை என்னன்னு ஒரு தடவை சொல்லிடறேன். ஆட்டத்தைப் பண்ணினது நாங்க இல்ல. ஒரு பெரிய கம்பெனி, கன்சோலுக்குன்னு பண்ணினது. டிவிக்குக் கீழ ஒரு பெட்டிய வச்சு, கன்ட்ரோலர கையில பிடிச்சு ஆடறவங்களுக்காக. அதைக் கம்ப்யூட்டர்ல ஓட வைக்கறது மட்டும்தான் நாங்க. சின்ன டீம். ஓடணும், நடுவுல நின்னுடக் கூடாது, ஒப்பந்தம் அவ்வளவுதான். மெனுவைத் தொடக் கூடாதுன்னு தனியா ஒரு வரி இருக்கு.

மவுஸுக்குன்னு ஒரு பைத் திரை வேணும்னு நான் கேட்காம இல்ல. வரைஞ்சே காட்டினேன். ஒரே பார்வையில எல்லாப் பொருளும் தெரியற மாதிரி. எங்க டீம் லீட் பார்த்தார். “நல்லா இருக்குப்பா. ஆனா கம்ப்யூட்டர்ல ஆடறவன்கிட்ட கன்ட்ரோலர் இருக்கும்ப்பா”ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். அவர் கெட்டவர் இல்ல. அவரும் தூங்கி நாளாச்சு.

நீ சொன்ன எல்லாமே எனக்குத் தெரியும். உனக்கு முன்னாடியே நான் இந்த மெனுவைத் திட்டினவன். திட்டித் திட்டி வாய் வலிச்சு விட்டுட்டேன்.

அதனால ஒண்ணு பண்றேன். நல்ல கன்ட்ரோலர் ஒண்ணு அனுப்பறேன். சோபாவுல சாஞ்சு உட்கார்ந்து ஆடு. எல்லாம் சரியாப் போயிடும்.

வாண்டைப் பார்க்க வரணும். ரிலீஸ் முடிஞ்சதும் வரேன்னு சொன்னேன், இப்ப ரிலீஸ்ல விட்ட ஓட்டையை அடைக்கற வேலை வந்துடுச்சு. அது முடியட்டும். மாமாகிட்ட சொல்லு, அடுத்த தடவை நிறைய வார்த்தை எழுதறேன்னு.

தவளை

*

ஜூன் 11

தவளைக்கு,

கன்ட்ரோலர் வந்தது. மேஜைமேல் இருக்கிறது. அழகாக இரண்டு கைப்பிடி வைத்திருக்கிறான். நான் எழுதியதை நீ ஒழுங்காகப் படித்தாயா என்று தெரியவில்லை. எனக்கு இருப்பது ஒரு கை.

சரி, அது கிடக்கட்டும். நேற்று நாய் போய்விட்டது.

எரிந்துபோன மாவு மில்லுக்குப் பக்கத்தில் ஒற்றைக்காது நாய் ஒன்று வருமே, அதுதான். ரொட்டி போட்டேன், கூடவே வந்துவிட்டது. நான் நடக்கத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்போது நாலடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து நிற்கும். பொறி இருந்தால் குரைக்கும். இந்த நாலு நாளாக அந்த ராஜ்யத்தில் எனக்கு இருந்த ஒரே ஆள் அது.

அதைத் தடவிக்கொடுக்க ஒரு பட்டன். தட்டினால் தடவிக்கொடுக்கும். அதே பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் ‘துணையை விடுவித்துவிட்டீர்கள்’. தடவிக்கொடுக்கத்தான் போனேன். அந்த நேரம் வாண்டு திடுக்கிட்டு உடம்பைத் தூக்கிப் போட்டாள். நான் அவளைப் பார்த்தேன். விரல் பட்டன்மேலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் நாய் காட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் மூலையில் அந்தச் சின்ன விளக்குப் படம் சுற்றியது, ‘சேவ் ஆகிறது’. நாய் போனதையும் சேர்த்து எழுதிக்கொண்டுவிட்டது. பழையதற்குத் திரும்பலாம் என்றால், இருப்பது ஒரே ஒரு சேவ்.

சிரிக்காதே. அழுதேன். உன் மாமா ஓடி வந்து என்னாச்சு என்றார். “நாய் போயிடுச்சு” என்றேன். “நம்ம வீட்ல நாயே இல்லையே” என்றார். பிறகு மெதுவாக என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தடவிக்கொடுக்கிறதுக்கும் துரத்திவிடுகிறதுக்கும் ஒரே பட்டனை வைத்த புண்ணியவான் யார்?

அக்கா

*

ஜூன் 12

அக்கா,

எங்க டீம்தான். அதுல எந்தக் கைன்னு கேட்காத.

கன்ட்ரோலர்ல பட்டன் கம்மி. வேலை ஜாஸ்தி. அதனால தட்டினா ஒண்ணு, பிடிச்சா ஒண்ணுன்னு வச்சிருப்பாங்க. அதை இங்க கொண்டு வரும்போது பிரிச்சுப் போட்டிருக்கணும், நிறைய பட்டன் சும்மாதான் கிடக்கு. நேரம் இல்ல. அப்படியே தூக்கி வச்சாச்சு. நாய் விஷயம் கஷ்டமாத்தான் இருக்கு. அந்தக் காடு வரைக்கும் அது நடந்து போறது கம்ப்யூட்டர்லயும் ஒழுங்கா வரணும்னு நாங்க மூணு நாள் உட்கார்ந்தோம். அது திரும்பிப் பார்க்கறது சரியா வந்திருந்ததா?

ஒண்ணு கேட்கறேன், கோச்சுக்காத. நான் அனுப்பின தொட்டில் என்ன ஆச்சு? படுக்க வச்சா ரெண்டு கையும் ஃப்ரீதானே. எல்லாத்தையும் மெனு தலையில போடறியோன்னு தோணுது. எங்க லீட்கிட்ட சொன்னேன், அவர் வீட்டம்மா சொன்னாங்களாம், கையிலயே வச்சுப் பழக்கினா அப்புறம் இறங்கவே இறங்காதுன்னு.

தவளை

*

ஜூன் 12

உங்கள் லீடின் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருப்பவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். வர நேரம் இல்லாதவர்கள் யோசனையும் சொல்ல வேண்டாம்.

கன்ட்ரோலரை உன் மாமா நாளைக்குத் திருப்பி அனுப்புவார்.

*

ஜூன் 21

அக்கா,

கன்ட்ரோலர் வந்து சேர்ந்துச்சு. பெட்டிய ஒட்டியிருந்த டேப்போட அளவைப் பார்த்தே உன் கோபம் தெரிஞ்சுது. கத்தி எடுத்து அறுக்க வேண்டியதாப் போச்சு.

அப்படி எழுதியிருக்கக் கூடாது. மாமாவுக்குப் போன் பண்ணேன். “நான் இந்த ஆட்டத்துக்கு வரல மாப்ள, நீங்களே பார்த்துக்குங்க”ன்னு வச்சுட்டார்.

எழுது. திட்டியாவது எழுது.

தவளை

*

ஜூன் 30

அக்கா,

நீ எழுதல. நானே எழுதறேன்.

இப்ப எனக்கு என்ன வேலை தெரியுமா? ஆட்டம் வாங்கினவங்க எழுதற புகாரைப் படிச்சுப் பிரிச்சு வைக்கணும். ‘ஓடல’ ஒரு பக்கம், ‘நின்னு போச்சு’ ஒரு பக்கம், ‘மத்தது’ ஒரு பக்கம். ‘மத்தது’ல போறதை யாரும் பார்க்கறதில்ல. உன் முதல் மெயில் இங்க வந்திருந்தா நானும் அதைத் தூக்கி அங்கதான் போட்டிருப்பேன்.

நேத்து உட்கார்ந்து அந்த ‘மத்தது’ முழுசும் படிச்சேன். ஒருத்தருக்குத் தோள்பட்டையில ஆபரேஷன், ஒரு கை கட்டுல இருக்கு, வீட்ல சும்மா இருக்கற நேரத்துல ஆடலாம்னு வாங்கியிருக்கார். ஒரு அம்மாவுக்குப் பக்கவாதம், அவங்க பையன் எழுதியிருக்கான். ‘என் மடியில பூனை படுத்திருக்கும், எழுப்ப மனசு வராது’ன்னு ஒருத்தர். லீட் பூனையைப் படிச்சு சிரிச்சார். மத்ததைப் படிச்சுட்டு சிரிக்கல. “ஒப்பந்தத்துல இல்லையேப்பா”ன்னார், அவ்வளவுதான்.

எல்லாரும் உன்னை மாதிரியேதான் திட்டறாங்க. ஆனா யாருக்கும் உன் அளவுக்கு எதிரி கை கால் கழுவற விஷயமெல்லாம் வரல.

தவளை

*

ஜூலை 4

தவளைக்கு,

தொட்டில் இருக்கிறது. படுக்கையறையில் ஜன்னலோரம். மடித்த துணியை அதில் வைக்கிறேன்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த வாரம் அதில்தான் படுக்க வைத்தேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவள் நெஞ்சு அசையவில்லை. குனிந்து பார்த்தேன். அசையவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன், எதுவும் தெரியவில்லை. வாரி எடுத்தேன். உடனே வீல் என்று கத்தினாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவளை நான்தான் பிடுங்கி எடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை. கையில் இருந்தால் மூச்சு கையிலேயே தெரியும். கண்ணை நம்ப வேண்டியதில்லை. உன் மாமா வந்தால் அவர் கைக்கு மாற்றிவிட்டுக் குளிக்கிறேன், தூங்குகிறேன். அவர் கையிலிருக்கும்போதும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். டாக்டரிடம் சொன்னேன். “குழந்தை ரொம்ப நல்லா இருக்கு” என்றார். அவர் குழந்தையைப் பற்றித்தான் சொன்னார்.

நான் எண்ணுகிறேன்டா. அவள் மூச்சை. ஒன்று, இரண்டு என்று, நாள் முழுக்க. பாத்திரம் கழுவும்போது, பேசும்போது, இதோ உனக்கு எழுதும்போதுகூட. யாரும் எண்ணச் சொல்லவில்லை, நிறுத்தவும் தெரியவில்லை. அந்த ஆட்டத்தில் இருக்கும்போது மட்டும் எண்ணவில்லை. அன்றைக்கு அந்த மில்லுக்குப் பக்கத்தில் நாய்க்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், கொஞ்ச நேரமாக எண்ணாமல் இருந்திருக்கிறேன் என்று. எத்தனை மாதத்துக்குப் பிறகு. அது எனக்கு வேண்டும். அதற்காகத்தான் இத்தனை சண்டையும்.

‘எல்லாத்தையும் மெனு தலையில போடறே’ என்று நீ எழுதினது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. ஆனால் ஒன்று. மெனு நிஜமாகவே கேவலம்தான். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

இதற்கு யோசனை சொல்லாதே. எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

நாய் திரும்பிப் பார்த்தது சரியாக வந்திருந்தது. ரொம்பச் சரியாக.

அக்கா

*

ஜூலை 9

அக்கா,

யோசனை சொல்லல.

நடந்ததைச் சொல்றேன். வாண்டு எவ்வளவு வெயிட்னு மாமாகிட்ட கேட்டேன். ஆபீஸ் பேன்ட்ரில கிட்டத்தட்ட அந்த வெயிட்ல ஒரு சர்க்கரை மூட்டை இருந்துச்சு. அதைத் துண்டுல சுத்தி இடது கையில வச்சுக்கிட்டு, காலையில இருந்து ஆட்டத்தை முதல்ல இருந்து ஆட ஆரம்பிச்சேன். மூட்டைய மேஜைல வைக்கக் கூடாதுன்னு எனக்கு நானே சட்டம். சாப்பிடும்போதும் கையிலதான். பக்கத்து சீட்காரன், “என்ன மச்சி, குழந்தை அப்படியே அப்பா ஜாடை”ன்னான்.

முதல் பாலத்தைத் தாண்ட முடியல அக்கா. மூணு பேர் அடிக்க வரான். நடக்கணும், திரும்பணும், வெட்டணும், எல்லாம் ஒரே நேரத்துல. நான் எத்தனை தடவை செத்தேன்னு எண்ணறதை விட்டுட்டேன். கை மரத்துப் போச்சு. நீ இதை ஒரு வாரம் ஆடி மில்லு வரைக்கும் போயிருக்க. எப்படின்னு தெரியல.

லீட் வந்தார். கொஞ்ச நேரம் நின்னு பார்த்தார்.

“என்னப்பா இது?”

“கம்ப்யூட்டர்ல ஆடறவங்க சார்.”

“மூட்டை?”

“குழந்தை சார். கைய விட்டு இறக்க முடியாது.”

“இறக்க முடியாதுன்னா?”

“முடியாது சார். ஏன்னு எல்லாம் கேட்கக் கூடாது. முடியாது, அவ்வளவுதான்.”

அவர் மூட்டையைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார். நான் தலைப் பக்கத்தைப் பார்த்துக் கொடுத்தேன், அவரும் தலைப் பக்கத்தைப் பார்த்து வாங்கினார். ரெண்டு பேரும் சிரிக்கல. உட்கார்ந்து ஆடினார். பாலத்துல செத்தார். மறுபடி செத்தார். டீ நேரம் தாண்டிப் போச்சு, அவர் எழுந்திருக்கல. கடைசியா மூட்டைய என்கிட்ட கொடுத்துட்டு, “இத எழுதிக் கொடு, நான் மேல பேசறேன்”ன்னார்.

நேத்து பதில் வந்துச்சு. திரை எதையும் மாத்தக் கூடாது, மத்தபடி பட்டன் பக்கம் என்ன வேணா பண்ணிக்கோங்கன்னு. பைத் திரை போச்சு, எழுத்து அளவும் அப்படியேதான். சேவ் பண்றதையும் தொடக் கூடாதாம். கேட்டது பத்து, கிடைச்சது மூணு. தரையைக் காட்டினா நடக்கும், சக்கரத்தை உருட்டினா பட்டியல் நகரும், துணையை அனுப்பத் தனி பட்டன். ஒத்தைக் கை முறைன்னு பேர் வச்சிருக்கோம். இதெல்லாம் ஆட்டத்துக்குள்ள கொண்டு வர பேட்ச் வேலை என் தலைல. அதனால இந்த மாசமும் வர முடியாது. இதுக்காகன்னு நீ நினைச்சுக்காத, வேற எதுக்காகவாவது எப்படியும் போயிருக்கும்.

தவளை

*

ஜூலை 27

அக்கா,

இதோட டெஸ்ட் பில்டு அனுப்பியிருக்கேன். இன்னும் வெளிய வரல, யாருக்கும் கொடுக்காத.

டெஸ்ட் பண்ண ஆள் பத்தல. நீ பண்ணித் தரணும். பழைய சேவ்ல வேண்டாம், புதுசா ஆரம்பி. முதல் பாலம் வரைக்கும் ரெண்டு விதமா ஆடணும். ஒத்தைக் கை முறையில ஒரு தடவை. அதை மூடிட்டு, ரெண்டு கையால ஒரு தடவை. புது முறை வந்ததால பழைய முறை கெட்டுப் போகலையேன்னு பார்க்கறது வழக்கம். ரெண்டுக்கும் ரிப்போர்ட் எழுது. உனக்கு எழுதச் சொல்லித் தர வேண்டியதில்ல.

ஒண்ணும் அவசரம் இல்ல.

தவளை

*

ஜூலை 31

தவளைக்கு,

ஒற்றைக் கை முறை ரிப்போர்ட்.

தரையைக் காட்டினால் நடக்கிறது. சுவரில் முட்டாமல், தானே சுற்றிக்கொண்டு போகிறது. உன்னைவிட நன்றாக நடக்கிறது. சக்கரம் வேலை செய்கிறது, ஆனால் தலைகீழாக. நான் கீழே உருட்டினால் அது மேலே போகிறது. ஆற்றங்கரையில் மவுஸ் கொஞ்சம் அசைந்தாலும் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. வாண்டு காலை உதைத்ததில் இரண்டு தடவை மூழ்கினேன். துணையை அனுப்பும் பட்டன் தனியாக, தூரத்தில் இருக்கிறது. இரண்டு தடவை அழுத்தினால்தான் நாய் போகும். நல்லது. எழுத்து இன்னும் மூக்கில் இடிக்கிறது.

பாலத்தைத் தாண்டிவிட்டேன். வாண்டு கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நன்றி என்று எழுதினால் நீ தலையில் ஏற்றிக்கொள்வாய். எழுதவில்லை.

இரண்டு கை முறை: காலியாக விட்டிருக்கிறேன்.

டெஸ்ட் பண்ண ஆள் பத்தவில்லையாம். நீ யாரிடம் கதை விடுகிறாய் என்று தெரிந்துதான் விடுகிறாயா? உன் மாமாவிடம் கேட்டேன், ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டமா என்று. “நான் இந்த ஆட்டத்துக்கே வரல” என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 1

அக்கா,

சக்கரத்தைத் திருப்பியாச்சு. ஆத்தங்கரையையும் பார்த்தாச்சு.

ரெண்டு கை ரிப்போர்ட் காலியா இருந்தாலும் பேட்ச் போகும். அதுக்காக எதுவும் நிக்கல.

தவளை

*

ஆகஸ்ட் 19

தவளைக்கு,

உங்கள் பேட்ச் வெளியே வந்துவிட்டது என்று பார்த்தேன். ஆட்டத்தின் பக்கத்தில் பூனைக்காரர் நன்றி எழுதியிருக்கிறார். பக்கவாதம் வந்த அம்மாவின் மகனும் எழுதியிருக்கிறான், அம்மா பாலத்தில் செத்துக்கொண்டே இருக்கிறார்களாம், ஆனால் விடவில்லையாம். இனிமேல் ஒப்பந்தத்தில் என்ன வந்தாலும் அதை எடுத்துவிடாதீர்கள்.

இது காலியாக விட்ட ரிப்போர்ட்.

தொட்டிலை ஹாலுக்கு இழுத்து வந்து மேஜைக்குப் பக்கத்தில் ஒட்டிப் போட்டுக்கொண்டேன். துணியை எல்லாம் எடுத்து நாற்காலியில் போட்டேன். முதல் நாள் அவளைப் படுக்க வைத்தேன், இடது கையை எடுக்கவில்லை. அவள் நெஞ்சின்மேல் வைத்தபடியே வலது கையால் ஆடினேன். அது உங்கள் ஒற்றைக் கை முறைதான், ரிப்போர்ட்டில் சேராது என்று எனக்கே தெரிந்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த சில நாட்கள் ஆட்டத்தைத் திறக்கவே இல்லை. கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

இன்று மத்தியானம் மறுபடி படுக்க வைத்தேன். ஒற்றைக் கை முறையை மூடினேன். இடது கையை எடுத்துக் கீபோர்டில் வைத்தேன், உன் இடத்தில், அந்த நாலு பட்டனில். உடனே எடுத்து அவள்மேல் வைத்தேன். மறுபடி கீபோர்டு. இப்படியே கொஞ்ச நேரம் ஓடியது. ஆட்டத்தில் என் ஆள் குடித்தவன் மாதிரி நாலடி நடப்பதும் நிற்பதுமாக இருந்தான்.

பிறகு பாலம் வந்தது. அந்த மூன்று பேரும் வந்தார்கள். இடது கையால் நடக்க எனக்கு இன்னும் வரவில்லை. சுவரில் முட்டினேன். சின்ன வயதில் நீ தவளை மாதிரி குதிப்பாயே, அப்படிக் காரணமே இல்லாமல் குதித்தேன். ஒருத்தன் விழுந்தான். இரண்டாமவன் என்னைக் கீழே தள்ளினான், எழுந்து அவனை வெட்டினேன். மருந்துப் புட்டியைத் தேடி அந்த நாலு நாலு பொருளாக இறங்கிக்கொண்டே உன்னையும் உன் லீடையும் அந்தப் பெரிய கம்பெனியையும் வரிசையாகத் திட்டினேன். புட்டி கிடைத்தது. மூன்றாமவனும் விழுந்தான். பாலத்தைத் தாண்டினேன்.

தாண்டின பிறகுதான் நினைவு வந்தது. திரும்பினேன்.

அவள் விழித்திருந்தாள். அழவில்லை. தன் கையையே முகத்துக்கு எதிரில் தூக்கி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. எண்ணவும் இல்லை.

பழைய முறை கெட்டுப் போகவில்லை. முன்னால் எவ்வளவு மோசமோ அவ்வளவே மோசம்.

நாளைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. நாளைக்கு மறுபடி தூக்கிக்கொண்டே நடந்தாலும் நடப்பேன். நீ எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. வரும்போது கன்ட்ரோலரைக் கொண்டு வராதே. நாற்காலி இருக்கிறது.

ஒரு பிழை மட்டும் எழுத வேண்டியிருக்கிறது. அவள் இப்போது தொட்டிலில்தான் இருக்கிறாள், மறுபடி தூங்கிவிட்டாள். நான் இதை வலது கையால் மட்டும்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். இடது கை, அவள் அதில் படுத்திருந்தபோது இருந்த மாதிரியே, மடியில் வளைந்து கிடக்கிறது. நீட்டினாலும் கொஞ்ச நேரத்தில் தானாக மடங்கிக்கொள்கிறது. இதற்கு எந்தப் பட்டன் என்று தெரியவில்லை.

அவசரமில்லை.

அக்கா